வலப்பக்க மூச்சு

நான் நீந்தப் பழகியது எங்கள் தோட்டத்துக் கிணற்றில். வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கும் அகலமான கிணறுதான். என்றாலும் நேராகப் போக இடமேது? சுவரை ஒட்டி வட்டமாகத்தான் நீந்தவேண்டும். சுவர் எப்போதும் என் வலப்பக்கம். மூச்செடுக்க அந்தப் பக்கமே தலையைத் திருப்புவேன்; கல்லைக் கண்டால் ஒரு தைரியம். இருபத்தெட்டு வயதுவரை இடப்பக்கம் திரும்பியதே இல்லை.

கலியாணமான புதிதில் மனைவியிடம் அளந்துவிட்டேன். "நான் நிக்காமல் இருபது சுத்து நீந்துவன்." அவள் கீரிமலைக்காரி. "ஓ, அப்பிடியே?" என்றதோடு சரி. மாமனார் வீட்டுக்குப் போனபோது அவளுடைய தம்பியிடமும் அதையே அளந்தேன்.

"அப்ப வாங்கோ அத்தான், கேணியிலை ஆர் முதல் அந்தக் கரைக்குப் போறதெண்டு பாப்பம்."

கீரிமலையில் கடலோரத்து ஊற்றுநீரைப் படிகட்டித் தேக்கிய குளம்தான் கேணி; ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு மதிலுக்கு அப்பால் வேறொன்று. மனைவி அங்கே போய்விட்டாள். வென்றாலும் தோற்றாலும் செய்தி தம்பி வாயால்தான் போகும். இருபது சுற்றுக்காரனின் மானம் அவன் கையில்.

குதித்தேன். வலப்பக்கம் திரும்பி மூச்செடுத்தால் கல்லைக் காணவில்லை, வெறும் தண்ணீர். பயத்தில் இன்னும் வேகமாகக் கையை வீசினேன். ஒருவழியாகப் படி கையில் தட்டியது. எழுந்து முகத்தை வழித்துவிட்டு, "எப்பிடி?" என்றேன் பெருமையாக. பக்கத்தில், குதிக்குமுன் நான் கழற்றி வைத்த துவாயும் சாரமும் இருந்தன. வட்டமடித்து, புறப்பட்ட படிக்கே வந்து சேர்ந்திருக்கிறேன்!

"அத்தான், இது கிணறில்லை!" அக்கரையிலிருந்து கத்தினான் மைத்துனன். கேணியே சிரித்தது.

இரண்டு நாள் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. வீடு திரும்பிய மூன்றாம் நாள் அவளே வந்து எங்கள் கிணற்றுக் கட்டின்மேல் உட்கார்ந்தாள்.

"நீந்துங்கோ பாப்பம். தலையைத் தூக்காதேங்கோ, சரிச்சால் போதும். மூச்சைத் தண்ணிக்குள்ளையே ஊதி விடுங்கோ. மூண்டு கைக்கு ஒருக்கா எடுங்கோ, அப்ப ரெண்டு பக்கமும் மாறி மாறி வரும்."

"நீர் மேலை இருந்து சொல்லலாம். இறங்கினால் தெரியும்" என்று எரிந்து விழுந்தேன்.

அவள் எண்ணத் தொடங்கினாள். "ஒண்டு, ரெண்டு, மூண்டு, திரும்புங்கோ." இடப்பக்கம் திரும்பிய ஒவ்வொரு முறையும் ஒரு மிடறு குடித்தேன். அந்தக் கிழமை முழுக்க வீட்டில் எனக்குத் தாகமே எடுக்கவில்லை.

அடுத்த மாதம் மறுபடியும் கேணி. அவளுடைய எண்ணிக்கையை மனதுக்குள் சொல்லிக்கொண்டே நேராகப் போய் அக்கரைப் படியைத் தொட்டேன். மைத்துனன் எனக்கு முன்பே அங்கே உட்கார்ந்திருந்தான். அதைப் பெரிதாக எடுக்கவேண்டாம்.

"ஆர் அத்தான் பழக்கினது?"

"உம்மடை அக்காதான் கிணத்துக் கட்டிலை இருந்து எண்ணினவ. பாவம், அவவுக்கு வேறை என்ன தெரியும்?"

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "சின்னனிலை அம்மா என்னைப் பொம்பிளையளின்ரை கேணிக்குத்தான் கூட்டிக்கொண்டு போறவ. எனக்கு நீச்சல் பழக்கினதே அக்காதான். இண்டைவரைக்கும் நான் அவவை வெண்டதில்லை."

வெட்கம் பிடுங்கித் தின்றது. பெண்கள் கேணியிலிருந்து ஈரத் தலையோடு வெளியே வந்த மனைவியிடம், "நீந்தத் தெரியுமெண்டு ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"'இறங்கினால் தெரியும்' எண்டு சொன்னனீங்கள்" என்றாள், தலைமுடியைப் பிழிந்தபடி. "இறங்கச் சொல்லேல்லையே."