ஓமகுண்டமும் காட்டுத்தீ அதிகாரியும்

ஒரு நாள் லீவை மிச்சம் பிடிக்கப்போய் நான் செய்த மடத்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் ஆரா நகருக்கு வெளியே, காட்டோரத்தில் வாங்கிய காணியில் அத்திவாரக்கல் பூசையையும், காட்டுத்தீ ஆபத்தை மதிப்பிட வரும் அதிகாரியையும் ஒரே காலையில் வைத்துவிட்டேன். அவருடைய அறிக்கை இல்லாமல் வீடு கட்ட அனுமதி கிடையாது.

பூசை எட்டு மணிக்கு, அதிகாரி பத்துக்கு என்பது என் கெட்டித்தனம். ஐயர் வழிதவறி ஒன்பதரைக்குத்தான் வந்தார். மழையே காணாத கோடை அது. காட்டுக்குக் கிட்ட நெருப்பு மூட்டத் தடை என்ற அறிவித்தலை நான் வாசிக்கவேயில்லை. அதிகாரி காரிலிருந்து இறங்கும்போது ஓமகுண்டத்தில் நெய் விழுந்து சுவாலை என் நெஞ்சளவுக்கு எழும்பியது.

"ஐயா, தண்ணி ஊத்தி நூர்க்கலாமோ?" என்று கேட்டேன்.

"மூட்டின ஓமத்தை இடையில நூர்க்கக் கூடாது, தம்பி" என்றார் ஐயர்.

"நூர்த்தா வீடு விளங்காது, நூர்க்காட்டி வீடே இல்லை. இப்ப என்ன செய்யப் போறியள்?" என்றாள் மனைவி.

நான் வேட்டியும் தேங்காயுமாக நின்றேன். அதிகாரி மரங்களைப் பார்த்தார், குண்டத்தைப் பார்த்தார், எழுதத் தொடங்கினார். எனக்குத் தெரிந்த ஜெர்மனில், "காட்டால் எங்கள் வீட்டுக்கு ஆபத்து இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"உங்களால் காட்டுக்கு இருக்கிறது."