மயில்மாணிக்கம் ஏறிய ஜன்னல்

1. சேர்ந்த அன்று

விதுரா போகும் சாலையில் இருந்த நர்சரிக்கு நான் வேலை கேட்டுப் போனபோது, அதன் முதலாளி தங்கம்மா அக்கா தலையில் கட்டிய தோர்த்துத் துண்டுடன் உரம் கலந்துகொண்டிருந்தார். பாறசாலைப் பக்கத்துத் தமிழ் அவருக்கு.

"விதை முளைப்பிச்சுப் பழக்கம் உண்டா?"

"நிறைய உண்டு அக்கா."

சுத்தப் பொய். அதுவரை நான் பார்த்தது கிழக்கேகோட்டையில் ஓட்டல் வேலை. அந்த ஓட்டலைப் பூட்டிவிட்டார்கள். வீட்டில் மனைவிக்கு ஏழாம் மாதம். வேறு என்ன சொல்ல?

"அப்போ இது உனக்க பொறுப்பு. கல்லாற்றில ஹோம்ஸ்டே நடத்துத ராதாமணி டீச்சருக்கு நாற்பது கப் மயில்மாணிக்கம். ஓணத்துக்குள்ள அவங்க வாசல்ல பூக்கணும். சொதப்புனா நீ வந்த பஸ்சிலயே திரும்பிப் போவலாம், கேட்டியா?"

மயில்மாணிக்கம் ஒரு வருஷக் கொடி. சீப்புப்போல இலை, சிவப்பு நட்சத்திரமாகப் பூ. வெளியே விதைத்தால் ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழை விதையோடு மண்ணையும் கொண்டுபோய்விடும். அதனால் ஆபீஸ் அறைக்குள் விதைத்தோம். விதைத்தோல் கடினம், உப்புத்தாளில் லேசாக உரசி, ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட வேண்டும். அடியில் ஓட்டை போட்ட பேப்பர் கப்பில் கோகோபீட், கப்புக்கு இரண்டு விதை. வேரைத் தொட்டால் பிடிக்காத செடி இது. அதனால் நடும்போது கப்பைக் கிழித்து மண்கட்டியோடு அப்படியே இறக்க வேண்டும். எல்லாம் அக்கா போகிறபோக்கில் சொன்னவை. நான் முன்பே தெரிந்தவன்போலத் தலையாட்டிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் முளைத்தது. வெளிச்சம் கிடைக்கட்டும் என்று கப்புகளை எல்லாம் தட்டுகளில் வைத்து ஜன்னலோரம் நெருக்கி அடுக்கினேன். அது அவர் சொல்லாமல் நானாகச் செய்தது.

2. நாற்பதும் ஒன்றான கதை

நாற்றுக்குச் சாண் உயரம் வந்த சமயம் ஒரு ஞாயிறு, மறுநாள் பஸ் ஓடாத ஹர்த்தால், அதற்கு மறுநாள் பாலத்தில் தண்ணீர். மூன்று நாள் யாரும் போக முடியவில்லை. நாலாம் நாள் கதவைத் திறந்தால் கப்பு நாற்பது, செடி ஒன்று. பூட்டிய அறையில் வெளிச்சம் தேடி நீண்ட கொடிகள் ஒன்றையொன்று சுற்றி, கூட்டமாக ஜன்னலின் அழிக் கம்பிகளில் ஏறியிருந்தன.

பிரிக்கப் பார்த்தேன். இரண்டு கொடி ஒடிந்தது.

"இழுக்காதடே, பொட்டிப் போவும்" என்றார் அக்கா. அந்த நேரம் பார்த்து வாசலில் பிக்கப் வந்து நின்றது. டீச்சரே வந்துவிட்டார்.

உள்ளே வந்தவர் ஜன்னலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இது எந்தா தம்பி, கல்யாண ஊர்வலமா?"

"டீச்சர், ஒரு வாரம் தந்தா புதுசா..." என்று இழுத்தேன்.

"இனிமே விதைச்சா, பூக்கும்போ ஓணம் போயிருக்கும்." கண்ணாடியை மேலேற்றி அழியைத் தட்டிப் பார்த்தார். "இது சுவர்ல பதிச்சதா, ஸ்க்ரூவா?"

"ஸ்க்ரூ" என்றார் அக்கா.

"பின்னே என்ன? அழியோட தா. ஒரு வருஷச் செடிதானே, காஞ்சதும் உன் ஜன்னல உனக்குக் கொண்டுவந்து தரேன்."

ஆறு ஸ்க்ரூ கழற்றினோம். நானும் அக்காவும் அழியைத் தூக்க, டிரைவர் கப்புத் தட்டுகளைக் கூடவே ஏந்திவர, பல்லக்குபோலப் பிக்கப்பில் ஏற்றினோம். கல்லாற்றில் வாசல் தூணில் அழியைச் சாய்த்துக் கட்டி, கீழே வரிசையாக நட்டேன். ஓணத்துக்கு நாலு நாள் முன்பு டீச்சர் போனில் படம் அனுப்பினார். அழியே தெரியவில்லை, அத்தனை சிவப்பு.

படத்தைக் காட்டும்போது அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"எனக்குத் தெரியாதா?" என்றார். "நீ தினம் மூணு தரம் மண்ணைக் கிண்டி, முளைச்சுதான்னு பார்த்தே. பழகினவன் கிண்ட மாட்டான்."

"பின்ன ஏன் அக்கா விரட்டல?"

"ஒவ்வொரு தரமும் பதனமா மூடி வச்சியே. ஆனா ஒண்ணு. தெரியாதுன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா, கொடி தனித்தனியா ஏற கப்புக்கு ஒரு ஈர்க்குச்சி குத்தணும், தள்ளித் தள்ளி வைக்கணும்னு நானும் சொல்லியிருப்பேன். எனக்க ஜன்னலும் மிஞ்சியிருக்கும்."

கொடி விதைக்கிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்: இரண்டாம் இலை வந்த அன்றே ஈர்க்குச்சி, கப்புக்குக் கப்பு ஒரு கை இடைவெளி. வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்கள் அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது, தெரியாததைக் கேட்டுவிடுவது.