குல்சும் வளர்த்த மீசைக் குஞ்சுகள்

உக்கடம் குளத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் உம்மல் குல்சும் வீடு எது என்று கேட்டால் யாரும் விழிப்பார்கள். மீன்காரம்மா வீடு என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும். குழம்புக்கு ஆகிற மீன் அல்ல. கண்ணாடித் தொட்டியில் விட்டு வேடிக்கை பார்க்கிற மீன். கணவர் கரீம் கண்ணாடி அறுத்துத் தொட்டி ஒட்டுவார். மகன் உவைஸ் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை வைத்து விற்பான். குஞ்சு பொரிக்கவைத்து வளர்ப்பது குல்சுமின் பாடு. வேறெங்கும் முட்டையிடாமல் வீம்பு பிடித்த மீன்கூட அவள் வீட்டுப் பின்னறைக்கு வந்தால் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான், ஆனால் கை பொறுமையான கை. வேகவைத்த மஞ்சள் கருவை மெல்லிய துணியில் கட்டித் தண்ணீரில் பிழிந்துவிட்டு, பொடிக் குஞ்சுகள் அதைத் தின்பதைப் பார்த்தபடி மதியம் முழுக்க உட்கார்ந்திருப்பாள்.

அவள் உயிரையே வைத்திருந்தது நீல நிற ஆப்பிரிக்க மீன்கள் மேல். முட்டையிட்டதுமே தாய் அதை வாயில் அள்ளிக்கொள்ளும். குஞ்சு நீந்தப் பழகும்வரை ஒரு பருக்கை இரை எடுக்காது. குல்சும் அதை நோன்பு என்றுதான் சொல்வாள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்களே, இந்த மீன்களிடம் அது செல்லாது என்று பெருமை பேசுவாள். நாள் வந்ததும் தாயை ஈரக் கையில் பிடித்து, தண்ணீர் பேசினுக்கு மேல் தலைகீழாகச் சாய்த்து, பிஸ்மில்லா சொல்லி, கோழி இறகின் தண்டால் உதட்டை நீக்குவாள். "வாயைத் தொற கண்ணு" என்பாள். அதுவும் திறக்கும், குஞ்சுகள் பொலபொலவென்று தண்ணீரில் விழும்.

தொண்ணூற்று நாலாம் வருஷம் மழைக்காலத்தில் உவைஸ் மெட்ராஸிலிருந்து சில கெளுத்திகளைக் கொண்டுவந்தான். வெளிர் உடம்பில் கறுப்புப் புள்ளி, வாயைச் சுற்றி மீசை. வலையில் அள்ளியபோது அவை கீச்சென்று சத்தம் போட்டன. மீன் சத்தம் போட்டு குல்சும் அதுவரை கேட்டதில்லை. விற்றவன் ஒன்றும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. இடம் இருக்கிறதே என்று நீல மீன்களின் தொட்டியிலேயே விட்டுவிட்டான். பகலெல்லாம் அவை கல்லுக்கடியில் மல்லாந்து கிடந்தன. நீல மீன்கள் முட்டையிடும்போது மட்டும் வெளியே வந்து நடுவில் புகுந்து புரண்டுவிட்டுப் போயின.

தாய்மீன் நோன்பு பிடித்தது. குல்சும் தொட்டிக்குத் துண்டைப் போட்டு மூடி, பக்கத்தில் ஒருவரையும் விடவில்லை. சில நாள் கழித்துத் துண்டை நீக்கிப் பார்த்தபோது தாயின் தாடைத் தோல் உள்ளிருந்து அசைந்தது. உதடு ஒரு நொடி விலகியது. உள்ளேயிருந்து ஒரு கண் அவளைப் பார்த்தது. அந்த வயதுக் குஞ்சுக்கு அவ்வளவு பெரிய கண் கிடையாது. குல்சும் துண்டை இழுத்து மூடிவிட்டாள்.

நாள் வந்தபோது தாயின் வாயிலிருந்து விழுந்தவை எல்லாம் மீசை வைத்த குஞ்சுகள். நீலக் குஞ்சு ஒன்றுகூட இல்லை. அடுத்த தாய்க்கு அவள் பொறுக்கவில்லை, நாளுக்கு முன்பே வாயைத் திறந்தாள். விழுந்தவற்றில் ஒரு மீசைக் குஞ்சின் வயிறு உருண்டு கிடந்தது. அதன் வாயில் ஒரு நீலக் குஞ்சின் வால் பாதி, இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கெளுத்தி தன் முட்டையை அடுத்தவள் வாயில் சேர்த்துவிடுகிறது. அது முந்திப் பொரித்து, கூட இருப்பவற்றை உள்ளேயே தின்று வளர்கிறது. பட்டினி கிடந்து சுமக்கிறவளுக்குத் தெரிவதே இல்லை. பேசினை வைத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

உவைஸ் அவள் வயிற்றில் பிறந்தவன் அல்லன். அவள் அக்கா சாஜிதா பேகம் அவனைப் பெற்ற அன்றே கண்ணை மூடினாள். தகப்பன் பாலக்காட்டுப் பக்கம் வேறு கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டார். அப்போது குல்சும் மடியில் அவள் பெற்ற அஃபான் இருந்தான். ஒரு பக்கம் அவன், மறு பக்கம் இவன் என்று இரண்டு பேருக்கும் பால் கொடுத்தாள். பால் கொடுத்தவள் தாய்தான் என்று மார்க்கமே சொல்கிறது. உவைஸ் மொழுமொழுவென்று வளர்ந்தான். அஃபான் நாளுக்கு நாள் சுருங்கி, வெயில் காலம் வருமுன் போய்ச் சேர்ந்தான். காய்ச்சல் என்றார் டாக்டர். குல்சும் அழுது தீர்த்துவிட்டு, மிச்சமிருந்தவனை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். அதன்பின் இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அவள் மனசு இடறியதில்லை.

இந்தப் பாழாய்ப்போன மீன் வந்து இடறவைத்தது. உவைஸ் சாப்பிட உட்கார்ந்தால் அவன் கன்னம் உப்புவதையே பார்த்தாள். அவன் மெல்லும் சத்தம் அடுத்த அறைவரை கேட்டது. முன்பெல்லாம் எதிரே உட்கார்ந்து வம்பளப்பாள். கடைசிக் கவளத்தைத் தட்டோரம் ஒதுக்கிவிட்டு எழுகிற அவன் கெட்ட பழக்கத்துக்காக, "வழிச்சுச் சாப்புடுடா, கடைசிக் கவளத்துலதான் அல்லாவோட பரக்கத்து" என்று ஏசுவாள். இப்போது ஏசுவதும் நின்றுபோனது. பரிமாறிவிட்டுப் பின்னறைக்குப் போய்விடுவாள். அங்கே தாயோடு ஒரே தொட்டியில் விட்டிருந்த மீசைக் குஞ்சுகள் கண்ணாடி ஓரமாக வரிசை கட்டி அவளையே பார்த்து வாயைத் திறந்து மூடும். தொட்டியைத் தட்டினால் மிரண்டு, தாய்மீனின் வாயைத் தேடிப் போகும். எலும்பும் தோலுமான அந்தத் தாய், கொள்ளாத வாயைத் திறந்து அவற்றை உள்ளே விட்டுக்கொள்ளும். குல்சுமுக்குப் பயமாக இருந்தது. வளர்த்த மகனைக் கண்டே பயந்தாள். அந்தப் பயம் நிலைத்துவிட்டால் இரண்டாவது பிள்ளையும் போன மாதிரிதான் என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, உவைஸ் ஜும்மா தொழுகை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். குல்சும் மீசைக் குஞ்சுகளை எல்லாம் வாளியில் அள்ளிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். எங்கே என்று கேட்டான். குளத்துக்கு என்றாள். அதுகள் என்ன செய்தன என்று கேட்டதும், ஒரே வாய்க்குள் நடப்பதை ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

உவைஸ் பிசைந்த கையை எடுத்துவிட்டான். "இப்பெல்லாம் நீங்க என்னையப் பார்க்கறதே இல்லீங்களேம்மா. இதுக்குத்தானுங்களா?"

குல்சும் வாளியை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"எனக்குச் சின்னதுலயே தெரியுமுங்க. சிங்காநல்லூர்ல ஒரு கலியாண ஊட்டுல ரெண்டாந்தரம் சோறு கேட்டேன். ‘ரெண்டு பேரு பாலையும் ஒருத்தனே குடிச்சவனாச்சே, பசிக்காம என்ன பண்ணும்’னு ஒரு அம்மா சொல்லிப்போட்டாங்க. பந்தியே சிரிச்சுது." அவன் தட்டைப் பார்த்தான். "அன்னைக்கிலிருந்து கடைசிக் கவளம் அஃபானுதுங்கம்மா. தின்னது யாரோடதுன்னு அந்த மீனுக்குத் தெரியாதுங்க. எனக்குத் தெரியும்."

குல்சும் வாளியைக் கீழே வைத்தாள். தட்டோரம் வழக்கம்போல ஒரு கவளம் ஒதுங்கி இருந்தது. கெட்ட பழக்கம் என்று எத்தனை வருஷம் ஏசியிருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து அதை விரல்களில் எடுத்தாள். பயம் போய்விட்டதா என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனாலும் கவளத்தை அவன் உதட்டருகே கொண்டுபோனாள்.

"வாயைத் தொற கண்ணு" என்றாள்.

உவைஸ் வாயைத் திறந்தான். வாளியில் மீசைக் குஞ்சுகளும் மேலே வந்து, வாயைத் திறந்தபடி நின்றன.