கோழி இறகும் குண்டூசியும்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் வீடு திரும்பினால் உங்கள் அம்மா என்னை வாசலோடு நிறுத்திவிடுவாள். பின்பக்கம் பைப்படியில் வாளி நிறையச் சுடுதண்ணீரும் மாற்று வேட்டியும் வைத்திருப்பாள். குளித்து முடிக்கும்வரை உங்களில் ஒருத்தரையும் என் கிட்டே வர விடமாட்டாள். சின்னவன் ஒரு தரம், "அப்பா எந்த எழவு வீட்டுக்குப் போயிட்டு வர்றாங்க?" என்று கேட்டான். "வாரா வாரம் போற எழவு" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். இப்போது உங்களுக்கு விஷயம் புரிகிற வயது. எங்கே போய்வந்தேன் என்று நானே எழுதிவைக்கிறேன். எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. கோர்வை இல்லாமல் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த எனக்குக் கண்டியில் முனிசிபல் ஸ்டோரில் வேலை கிடைத்தது. வாளி, விளக்குமாறு, சுண்ணாம்பு, பினாயில் எல்லாம் அளந்து கொடுக்கிற வேலை. ஹேவாஹெட்ட போகிற பாதையில், டவுனைத் தாண்டி மலைச்சரிவில் குஷ்டரோகிகளுக்கென்று சில கொட்டகைகள் இருந்தன. மாதாமாதம் அங்கே சுண்ணாம்பும் பினாயிலும் அனுப்புவோம். அனுப்பிய சாமான் வந்து சேரவில்லை என்று அங்கிருந்து முறைப்பாடு வந்துகொண்டே இருந்தது. என்னவென்று பார்க்க ஒரு நாள் நானே வண்டியோடு போனேன். வண்டிக்காரன் பாதை வளைவிலேயே சாமானை இறக்கிப் போட்டுவிட்டு மாட்டைத் திருப்பிவிட்டான். அதற்கு மேல் அவன் போவதில்லை. போகிற வருகிறவர்கள் எடுத்துக்கொண்டது போக மிச்சம்தான் உள்ளே போயிருக்கிறது.

அன்றைக்கு நானே டின்களைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். அங்கே வைத்தியம் பார்த்தவர் யாழ்ப்பாணத்து அப்போதிக்கரி ஒருத்தர், பெருத்த உடம்பு. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உமக்குத் தேயிலைத் தோட்டத்துச் சனத்தின்ர தமிழ் விளங்குமோ?"

"அதுதாங்க என் தமிழும்."

"அப்ப ஞாயிறில வாரும். நான் கதைச்சா அதுகள் பயப்பிடுதுகள். அதுகள் கதைச்சா எனக்குப் பாதி விளங்கேல்லை. சம்பளம் கிம்பளம் இல்லை, சொல்லிப்போட்டன்."

அப்படித்தான் போகத் தொடங்கினேன். பெரிய தர்ம சிந்தனை என்று நினைத்துவிடாதீர்கள். அந்நிய ஊரில் என் ஊர்ப் பேச்சுப் பேசுகிறவர்களைத் தேடிப் போனேன் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

கொட்டகைகள் கீழே இருந்தன. மேலே ஒரு ஓட்டு வீடு. நோயாளிகளுக்குப் பிறந்து, நோய் ஒட்டாத பிள்ளைகள் அந்த வீட்டில். நடுவே ஓர் ஓடை. முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இராது, ஆனால் அதை யாரும் தாண்டக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சோற்றுக்குப் பிறகு பிள்ளைகள் இந்தக் கரையிலும் தாய் தகப்பன்மார் அந்தக் கரையிலும் உட்கார்ந்து பேசலாம். தண்ணீர்ச் சத்தத்தை மீறிக் கத்திப் பேச வேண்டியிருக்கும். அதனால் பேச்செல்லாம் சின்னப் பேச்சாகத்தான் இருக்கும். சாப்பிட்டியா, தலை சீவினியா, யாரோடயாவது சண்டை போட்டியா.

காலையில் கீழே புண் கழுவித் துணி சுற்றுவேன். நீரடிமுத்து எண்ணெய் ஊசி போடும்போது நோயாளிகளைப் பிடித்துக்கொள்வேன். அந்த ஊசி போட்ட இடம் நாலு நாளைக்குக் கொதிக்கும். பிறகு ஓடையில் கை கால் கழுவிக்கொண்டு மேலே போய்ப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பேன். பேன் பார்ப்பேன், சிரங்குக்கு மருந்து தடவுவேன்.

கீழே இருந்த ஒரு பெண்ணைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். அடுப்புக் கொள்ளி கையைச் சுட்டதே தெரியாமல் இருந்ததைப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்துச் சொல்லிவிட, கூலிகள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தை விட்டே துரத்திவிட்டார்கள். புருஷன் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டான். மகளோடு வந்து சேர்ந்தாள். மகளுக்கு எட்டு வயதிருக்கும். மேல் வீட்டில் விட்டார்கள்.

தாய் நல்ல வாயாடி. புண்ணுக்குத் துணி சுற்றிக்கொண்டிருக்கும்போது கேட்பாள்:

"என்னங்கய்யா, ஒங்க வீட்டம்மா இன்னைக்கும் பைப்படியிலதான் நிப்பாட்டுவாங்களா?"

"ஆமா."

"நல்லா நிப்பாட்டட்டும். எங்களப் பாத்து ஒரு ஆம்பளயாவது வாரத்துக்கு ஒருக்கா குளிக்கிறானே."

அவளுக்குப் புருவமயிர் உதிர்ந்துபோயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓடைக்கரைக்கு வருமுன் விளக்குக் கரியைத் தொட்டுப் புருவம் வரைந்துகொள்வாள். கைகளை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு, கால்களைச் சேலைக்குள் மடக்கி உட்காருவாள். விரல்கள் குட்டையாகிப் போனதை மகள் ஒரு நாளும் பார்த்ததில்லை. "அம்மாவுக்குக் குளிரு மாமா" என்று அந்தப் பிள்ளை என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

மாதம் ஒரு முறை மேல்வீட்டுப் பிள்ளைகளுக்குப் பரிசோதனை நடக்கும். பிள்ளையின் கண்ணைத் துணியால் கட்டி, கோழி இறகால் உடம்பில் அங்கங்கே தொட வேண்டும். தொட்டது தெரிந்தால் பிள்ளை "ஆமா" என்று சொல்லும். வெளிறின தேமல் மாதிரி எங்கேயாவது இருந்தால் அங்கே குண்டூசியாலும் குத்திப் பார்க்க வேண்டும். அந்த நோய் வந்த இடத்தில் உணர்ச்சி இராது. இறகு பிடிப்பது என் வேலை. பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. கழுத்தில் தொட்டால் கூச்சத்தில் நெளிந்து சிரிப்பார்கள்.

ஒரு வருஷம் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. கொட்டகைகளை மூடிவிட்டு நோயாளிகளைக் கொழும்புப் பக்கத்தில் இருக்கிற பெரிய இடத்துக்கு அனுப்ப வேண்டுமாம். அங்கே போய்த் திரும்பி வந்தவர்களை நான் பார்த்ததில்லை. சுகமான பிள்ளைகள் இங்கேயே இருப்பார்கள். நோய் கண்ட பிள்ளை இருந்தால் பெரியவர்களோடு போக வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லவில்லை. ஆனால் ஓடைக்கரையில் கத்திப் பேசுகிற இடத்தில் எது மறையும்?

அடுத்த பரிசோதனையில் அந்தப் பிள்ளையின் முறை வந்தது. தோளில் காசளவு தேமல் ஒன்று இருந்தது. வெயிலில் திரிகிற எந்தப் பிள்ளைக்கும் இருப்பதுதான். முதுகில் தொட்டேன். "ஆமா." கையில் தொட்டேன். "ஆமா." தேமலில் தொட்டேன்.

"இல்ல" என்றாள்.

அப்போதிக்கரி வயிறு குலுங்கச் சிரித்தார். "கெட்டிக்காரி. இல்லையெண்டு சொல்லுறதுக்கும் தொட்டது தெரியவேணும், பிள்ளை. நோய் உள்ளவன் சும்மாவெல்லோ இருப்பான்."

கண்கட்டை அவிழ்த்தேன். அவள் சிரிக்கவில்லை. அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரயில் புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு கடைசிப் பரிசோதனை. இந்தத் தரம் தேமலில் இறகு பட்டபோது அவள் வாயே திறக்கவில்லை. மறுபடியும் தொட்டேன். மௌனம். அப்போதிக்கரி என் கையிலிருந்த குண்டூசியை வாங்கித் தானே குத்தினார். ஒரு பொட்டு ரத்தம் வந்தது. பிள்ளை வாங்குப் பலகையில் அசையாமல் இருந்தாள். மற்ற இடங்களில் தொட்டபோது மட்டும் ஒழுங்காக "ஆமா", "ஆமா" என்றாள்.

அவளை வெளியே அனுப்பிவிட்டு நான் சொன்னேன், "ஐயா, நீங்க குத்தினப்ப கால் விரலெல்லாம் உள்ள மடங்கிச்சு. நான் பாத்தேன்."

"நானும் பாத்தனான்."

"அப்ப அவளுக்கு நோய் இல்லீங்களே."

"இல்லையெண்டுதான் நானும் நினைக்கிறன். நினைச்சு என்ன செய்யிறது காணும்? தேமலும் இருக்கு, உணர்ச்சியும் இல்லையெண்டுறாள். சந்தேகமெண்டா அனுப்பு எண்டுதான் ஓடர். விட்டிட்டுப்போய் நாளைக்கு மற்றப் பிள்ளையளுக்கும் வந்தா ஆர் பொறுப்பு? அவளின்ர வாயால வலிக்குதெண்டு வரட்டும், விடுறன்."

நான் வெளியே போய் அவளைத் தனியே கூப்பிட்டு உட்காரவைத்தேன். கெஞ்சினேன், அதட்டவும் செய்தேன். அங்கே போனால் அவளையும் நோயாளி என்று எழுதிவிடுவார்கள், பெரியவளானாலும் வெளியே விடமாட்டார்கள், நோய் இல்லாத உடம்பில் நோய் வந்து ஒட்டும் என்றெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அங்க அம்மா இருக்கும்ல" என்றாள்.

"இருக்கும்."

"எனக்கு வலிக்கல மாமா."

கீழே இறங்கித் தாயிடம் போனேன். அவள் சின்னத் துணிமூட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வாங்கய்யா, கொழும்புப் பட்டணம் பாக்கப் போறோம், எங்க யோகத்தப் பாருங்க" என்றாள். நான் நடந்ததைச் சொன்னேன். கட்டின முடிச்சை மறுபடியும் அவிழ்த்தாள். விரல் சரியாக இல்லாததால் அதற்கே நேரம் பிடித்தது.

"அவ கூட வந்தா ஒனக்கு ஆறுதலா இருக்கும்னு நெனச்சேன்" என்றேன். எதற்கு அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"அதத்தானேய்யா சாமிகிட்ட கேட்டுக்கிட்டுக் கெடந்தேன். எம்புள்ளைய எங்கூடவே அனுப்பிருன்னு. அந்தச் சாமி காதுல விழுந்திருச்சு போல." மூட்டையைத் தள்ளி வைத்தாள். "எந்தத் தோளு?"

"இடது."

"லயத்துல இருக்கையிலயே இருந்துச்சுய்யா அது. தேங்காண்ண தேச்சா போயிரும்." பிறகு எழுந்தாள். "கூட்டியாங்க. மத்தப் புள்ளைக வேணாம்."

நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஓடைக்கரைக்கு வந்தபோது தாய் அந்தக் கரையில் நின்றுகொண்டிருந்தாள். உட்காரவில்லை. புருவம் வரையவில்லை. முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். நான் காலையில் சுற்றிவிட்ட துணியைப் பல்லால் இழுத்து அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கைத்துணி விழுந்தது. குனிந்து கால்துணியையும் அவிழ்த்தாள். அந்தப் புண்ணை வாராவாரம் கழுவினவன் நான், எனக்கே அப்போது பார்க்க முடியவில்லை.

"என்னடி பாப்பா, எங்கூட வரியாமே?"

பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள்.

"வா. இந்தக் கையாலதான் இனிமே ஒனக்குச் சோறு ஊட்டணும். இந்தக் கையாலதான் தல பின்னிவிடணும். பாரு நல்லா. ஏன் தலையக் குனியுற?"

நோய் அவள் குரலையும் தடிக்கவைத்திருந்தது. எத்தனையோ நாள் கேட்ட குரல்தான். அன்றைக்கு யாரோ மாதிரி இருந்தது. ஓடையில் இறங்கினாள். தாண்டக் கூடாத தண்ணீரில் கையை நீட்டிக்கொண்டு பிள்ளையைப் பார்த்து நடந்து வந்தாள்.

"வாடி, தூக்கிக்கிறேன்."

பிள்ளை பின்வாங்கி என் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். தாய் நிற்கவில்லை. இன்னும் இரண்டடி வந்தாள். பிள்ளை என் பின்னால் ஒளிந்துகொண்டு, "வலிச்சுச்சு மாமா" என்றாள். "ஊசி வலிச்சுச்சு. டாக்டரய்யாகிட்ட சொல்லுங்க. வலிச்சுச்சு மாமா, நெசமா வலிச்சுச்சு."

தாய் தண்ணீரில் அப்படியே நின்றாள். பிள்ளையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"கேட்டுக்கிட்டீங்கள்ல? கூட்டிட்டுப் போங்க."

நான் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறினேன். அவள் கண்ணை இறுக்க மூடியிருந்தாள். நான் ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன். தாய் குனிந்து, தண்ணீரோடு போன துணியைப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் அகப்படவில்லை.

அன்றைக்கே அப்போதிக்கரி மறுபடியும் கண்ணைக் கட்டிப் பார்த்தார். இறகு படுமுன்பே பிள்ளை "ஆமா, ஆமா" என்று கத்தினாள். அவர் இறகை மேசையில் வைத்துவிட்டு, "போதும், அவிட்டு விடும்" என்றார். சிரிக்கவில்லை.

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, மேல்வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கண்டி ஸ்டேசனுக்குப் போனேன். ரயிலின் கடைசியில் தனிப் பெட்டி ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். சனங்கள் எட்ட நின்று பார்த்தார்கள். தாய் ஜன்னல் பக்கம் இருந்தாள். புருவத்தைத் திரும்ப வரைந்திருந்தாள்.

"வந்துச்சாய்யா?"

"வரமாட்டேனுட்டா."

"அழுவுதா?"

"இல்ல. காலையில சாப்பிட்டா."

"சாப்பிட்டுச்சுல்ல." கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "தூக்கத்துல பயந்துக்கிச்சுன்னா, அது அம்மா இல்ல, வேற யாரோ ஒரு பொம்பளைன்னு சொல்லிருங்கய்யா. அம்மா முந்தியே ரயிலேறிப் போயிருச்சுன்னு சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். வண்டி புறப்பட்டது.

அந்த வாரமே கொட்டகைகளைக் கொளுத்திவிட்டார்கள். பிள்ளைகள் மேலே நின்று புகையைப் பார்த்தார்களாம். நான் ஞாயிற்றுக்கிழமை போனபோது அவள் மகள் தன்னைவிடச் சின்னப் பிள்ளை ஒன்றுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கத்தில் அலறுகிறாள் என்று வீட்டைப் பார்த்துக்கொண்ட அம்மாள் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்து, தாய் சொல்லச் சொன்னதைச் சொன்னேன். அன்றைக்கு ஓடையில் வந்தது அம்மா இல்லை, வேறு யாரோ என்றேன்.

அவள் கையை நிறுத்தவில்லை.

"எங்கம்மாவ எனக்குத் தெரியாதா மாமா? திடீர்னு பாத்ததுல பயந்துட்டேன்" என்றாள். "கொஞ்ச நேரம் விட்டிருந்தா போயிருப்பேன். அதுக்குள்ள நீங்க தூக்கிட்டு வந்துட்டீங்க."