மாலைக்குள் மாட்டிக்கொண்ட அன்புக்கரசி

திண்டுக்கல் நாகல் நகரில் அன்புக்கரசி என்றொரு நடிகை இருக்கிறார். ‘இருக்கிறார்’ என்பதைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. தினமும் மாலை ஏழு மணிக்கு அவர் வீடுவீடாகச் சுவரில் தொங்குகிறார், கழுத்தில் மாலையோடு.

ஒரு தொலைக்காட்சித் தொடரில் அவர் கதாநாயகியின் அம்மா. பெண் அழுதால்தான் ஊர் பார்க்கும், அம்மா செத்தால்தான் பெண் அழுவாள் என்று சேனலில் யாருக்கோ ஞானம் பிறந்தது. கார் பள்ளத்தில் உருண்டது. அன்றிலிருந்து கதாநாயகி எது நடந்தாலும் அந்தப் போட்டோ முன்னால் வந்து நின்றுவிடுகிறாள். மாமியார் திட்டினாலும் அங்கேதான், பால் பொங்கி வழிந்தாலும் அங்கேதான். போட்டோவில் அன்புக்கரசி விடாமல் சிரிக்கிறார். சிரிப்பதற்குச் சம்பளம் கிடையாது. உயிரோடு வந்தால்தான் உண்டு.

நடிப்பு ஆசை அவருக்கு வேடசந்தூர் மில்லில் பிடித்தது. அப்பா அங்கே ஃபிட்டர். மில் வாசலில் ஒரு சினிமா எடுத்தபோது, பஸ்ஸிலிருந்து இறங்கும் பெண்களில் ஒருத்தியாக அன்புக்கரசியை நிறுத்தினார்கள். படத்தில் பஸ் நன்றாக நடித்திருந்தது. அதற்குப் பிறகு உள்ளூர் கேபிள் டிவியில் பிறந்தநாள் வாழ்த்துப் படித்தார். ஷேர் ஆட்டோ ஓட்டும் சகாயராஜைக் கட்டிக்கொண்டார். பையனைக் காலேஜில் சேர்த்துவிட்டு, இரண்டு படங்களில் நர்ஸாகவும் மூன்று படங்களில் கூட்டமாகவும் நடித்தார். இந்த அம்மா வேடத்தில்தான் முதன்முறையாக அவருக்கு வசனம் என்று ஒன்று வந்தது. வந்த சூட்டோடு பள்ளத்தில் போனது.

அந்த ஆற்றாமையைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசைதான் கெடுத்தது.

சகாயராஜின் பெரியம்மா செபாஸ்தியம்மாள் எரியோட்டில் இருக்கிறார். நிலத் தகராறில் பேச்சுவார்த்தை நின்று வெகுநாளாயிற்று. தொடர் பார்க்கும் பழக்கமும் அவருக்கு இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் தன் போனில் ஒரு ஸ்டேட்டஸைக் காட்டியிருக்கிறாள்: மாலை போட்ட அன்புக்கரசி, கீழே ‘அம்மா, நீ இல்லாத வீடு வீடா?’ பெரியம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டார். சாவுக்குக்கூடச் சொல்லி அனுப்பவில்லையே என்ற கோபம் ஒரு பக்கம், ஆத்துமம் என்ன பாடுபடுகிறதோ என்ற கவலை ஒரு பக்கம். நாகல் நகர்ப் பங்குக் கோயிலுக்கே ஆளனுப்பி, அவள் பேரில் இறந்தோர் பூசைக்குப் பணம் கட்டிவிட்டார்.

அந்த ஞாயிறு, ஊருக்குப் புதியவரான பங்குச் சாமியார் கணீரென்று வாசித்தார்: “சகாயராஜின் மனைவி அன்புக்கரசியின் ஆன்ம இளைப்பாற்றிக்காக…”

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அன்புக்கரசியைக் கோயிலே திரும்பிப் பார்த்தது. எழுந்து மறுப்பதா, தனக்காகத் தானே செபிப்பதா என்று தெரியாமல் அவர் முழங்காலில் நின்றார். வெளியே வந்ததும் சகாயராஜ் வேறு, “நம்ம ஆட்டோ ஸ்டாண்டுல ரெண்டு பேரு எனக்குப் பொண்ணு பாக்கட்டானு கேக்குறாய்ங்க” என்றார்.

அன்றைக்கே அன்புக்கரசி தொடரின் இயக்குநர் சனாவுல்லாவுக்குப் போன் போட்டார்.

“தம்பி, ஒண்ணு என்னைய உசுரோட கொண்டு வாங்க, இல்ல போட்டோவக் கழட்டுங்க. ஊருக்குள்ள தலைகாட்ட முடியல.”

“என்னக்கா இப்டி சொல்றீங்க! கார்தானே உருண்டுச்சு, பாடிய நாம காட்டவே இல்லையே. கண்டிப்பா வருவீங்க.”

தொடர்களில் பாடியைக் காட்டாத சாவு சாவே இல்லை என்பது அன்புக்கரசிக்கும் தெரியும். கோமாவிலிருந்து எழுபவள் முதலில் எந்தக் கண்ணைத் திறப்பாள் என்று கண்ணாடி முன்னால் பழக ஆரம்பித்தார். “உசுரோட இருக்கவளுக்கு ஒரு வெஞ்சனம் வைக்க நேரமில்ல, செத்தவளுக்கு இம்புட்டு ஒத்திகையா?” என்று சகாயராஜ் தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லாமல் ரசச் சோற்றைப் பிசைந்தார்.

சில மாதங்களில் விளம்பரம் வந்தது: ‘அம்மா திரும்பி வருகிறாள்!’ ஆஸ்பத்திரிக் கட்டில், முகம் முழுக்கக் கட்டு.

“கட்டுக்குள்ள யாரு தம்பி?” என்று அன்புக்கரசி பதறிப்போய் இயக்குநரைக் கேட்டார்.

“அது சும்மா படுத்திருக்கிற ஒரு பொண்ணுக்கா. கட்டுப் பிரிக்கிறப்ப கூப்பிடுறேன்.”

கட்டுப் பிரிப்பது வெள்ளிக்கிழமை என்று டிவி சொன்னது. சனாவுல்லா கூப்பிடவில்லை. பக்கத்து வீட்டு ராக்கம்மாள் தலைமையில் தெருப் பெண்கள் அன்புக்கரசி வீட்டில் கூடிவிட்டார்கள். அவரும் தட்டு நிறைய பஜ்ஜி போட்டு வைத்தார்.

“ஏண்டி, அங்க ஒன் கட்டப் பிரிக்கப் போறாங்க, நீ இங்க பஜ்ஜி சுட்டுக்கிட்டு ஒக்காந்திருக்க?” என்றார் ராக்கம்மாள்.

“வெள்ளிக்கிழமை கட்டு மட்டுந்தான்க்கா பிரியும். மூஞ்சி திங்கக்கிழமதான். நாளைக்குக் கூப்பிட்டு எடுத்துருவாங்க.”

தொழில் தெரிந்த பேச்சு. எந்தத் தொடரும் வெள்ளிக்கிழமை முகத்தைக் காட்டாது. காட்டினால் திங்கட்கிழமை யார் வருவார்கள்? ஆனால் அன்று கட்டுப் பிரிந்தது. முகமும் தெரிந்தது. அது வேறு ஒருத்தியின் முகம், வேறொரு தொடரில் பெயரெடுத்த முகம். டாக்டர் கண்ணீரோடு அறிவித்தார்: “விபத்தில் சிதைந்த முகத்தை பிளாஸ்டிக் சர்ஜரி செய்து மாற்றிவிட்டோம்.”

அன்புக்கரசி போனை எடுத்தார். இயக்குநர் முதல் மணியிலேயே எடுத்தார், எதிர்பார்த்திருப்பார் போல.

“சேனல்ல தெரிஞ்ச முகம்தான் வேணும்னுட்டாங்கக்கா. என் கையில ஒண்ணுமில்ல.”

“தெனமும் ஏழு மணிக்கு என் மூஞ்சியத்தானய்யா தமிழ்நாடே பாக்குது! அது தெரிஞ்ச மூஞ்சி இல்லையா?”

“அது போட்டோவா தெரிஞ்ச முகம்க்கா… கோவிச்சுக்காதீங்க, நீங்க கேட்டதுல பாதி செஞ்சுட்டேன். மாலையக் கழட்டியாச்சு.”

“போட்டோ?”

“போட்டோ இருக்கும். பொண்ணு அம்மாவோட பழைய முகத்தப் பாத்து அழணும்ல?”

அன்புக்கரசி போனைக் கட்டில்மேல் எறிந்தார். டிவியில், உயிரோடு திரும்பி வந்த அம்மா மகளைக் கட்டிப்பிடித்து, இரண்டு பக்கத்துக்கு நீளும் வசனத்தைப் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தைகூடத் தப்பவில்லை.

ராக்கம்மாள் டிவியையும் அன்புக்கரசியையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு இன்னொரு பஜ்ஜியை எடுத்தபடி, ஆறுதலாகத்தான் சொன்னார்: “சர்ஜரி நல்லாத்தாண்டி பண்ணியிருக்காங்க. முன்னைக்கு இப்பப் பத்து வயசு கொறஞ்சு தெரியுறே.”

அன்புக்கரசி அவர் கையிலிருந்த பஜ்ஜியை வாங்கித் தட்டில் போட்டு, தட்டோடு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.