கால் அளவு விமானத்தின் முன்னிருக்கை

கோவர்த்தனனுக்குக் கழுகுக் கண் என்று ஸ்ரீசிட்டித் தொழிற்சாலையில் சொல்வார்கள். அச்சிலிருந்து சூடு ஆறாமல் வந்து விழும் பிளாஸ்டிக் மூடியில் மயிரிழை விரிசல் இருந்தாலும் எடுத்துச் சிவப்புக் கூடையில் போட்டுவிடுவான். பதினாறு வருஷம் அதே வேலை. நாகலாபுரம் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவன்தான். வரதய்யபாளையத்தில் வீடு. மனைவி சிவசங்கரி. மகள் ஹர்ஷினி திருப்பதியில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள்.

விமானத்தில் ஒருமுறைகூட ஏறாதவனுக்கு விமான மாடல் பித்து எங்கிருந்து வந்ததென்று யாருக்கும் புரியவில்லை. கழித்த பிளாஸ்டிக் தகடுகளைக் கேட்டு வாங்கிவந்து வெட்டி ஒட்டினான். செய்ததைப் படம் எடுத்து இணையத்தில் போட்டான். அதைப் பார்த்துவிட்டுத்தான் திருப்பதியிலிருந்து நரசிம்மன் தேடி வந்தார். ஓய்வுபெற்ற பொறியாளர். டைகர் மாத் என்கிற பழங்காலத்துப் பயிற்சி விமானத்தை நிஜத்தில் நாலில் ஒரு பங்காக, கால் அளவுக்கு, பறக்கும்படியாகவே கட்டிக்கொண்டிருந்தார். அந்த விமானத்துக்கு மேல்மூடி கிடையாது. முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கைக் குழிகள், உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரியும்.

"பாடி நான் செஞ்சிட்டேன் கோவர்த்தன் காரு. உள்ள மாத்திரம் நீங்க செய்யணும். நிதானங்கா செய்யுங்க, அவசரமே இல்ல," என்றார் தெலுங்கு கலந்த தமிழில்.

ஒன்றரை வருஷம் நிதானமாகத்தான் செய்தான். மூன்று மணிக்கு ஷிப்ட் முடியும். நாலரைக்கு ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தால் இருட்டும்வரை எழமாட்டான். அச்சகத்தில் தூக்கிப்போட்ட அலுமினியத் தகட்டில் கருவிப் பலகை வெட்டினான். வயரிங் பைப்பை வளையம் வளையமாக அறுத்து மீட்டர்களுக்கு விளிம்பு வைத்தான். செம்புக் கம்பியின் ஒற்றை இழையை நசுக்கி முள் செய்தான். முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் பேசிக்கொள்ள ஒரு ரப்பர் குழாய் உண்டு. அதைக்கூட வயரின் மேல்தோலை உரித்துச் செய்துவிட்டான். இருக்கைப் பட்டைகள் மட்டும் அவனுக்கு வரவில்லை. ஒரு விரல் அகலத் துணியில் வரிசையாகத் துளை, துளைக்குப் பித்தளை வளையம், இருபுறமும் பொடித் தையல். சிவசங்கரி பழைய காக்கிச் சட்டையைக் கிழித்துத் தைத்துக் கொடுத்தாள்.

நான்கு பட்டைகளில் மூன்றைப் பார்த்துத் தலையாட்டினான். நான்காவதை விளக்குக்கு நேராகப் பிடித்தான். "இன்னா இது, தையல் கோணிக்கினு போவுது?"

"கை நிக்கலங்க. நாளைக்குப் பிரிச்சுத் தைக்கிறேன்."

அவன் காத்திருக்கவில்லை. அன்றைக்கே தையலைப் பிரித்து, இரண்டு நாள் உட்கார்ந்து தானே தைத்தான்.

அந்த மாதமோ அதற்கு முந்தியோ, அவன் உயரம் காட்டும் மீட்டருக்கு முள் ஒட்டிக்கொண்டிருந்தபோது சிவசங்கரி வந்து பக்கத்தில் நின்றாள். "சோறு எறங்கவே மாட்டேங்குதுங்க. ரெண்டு வாய் துன்னா வயிறு கல்லாட்டம் கீது."

இடுக்கியில் முள் நடுங்கியது. "கொஞ்சம் இரு. மூச்சு விடாத."

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முள் ஒட்டியது. அவன் நிமிர்ந்து பார்த்தபோது அவள் அடுப்படிக்குப் போயிருந்தாள். கேஸ் மாத்திரை வாங்கிவந்து வைத்தான்.

சித்திரையில் ஊருக்கு வந்த ஹர்ஷினி வாசலிலேயே பையைப் போட்டுவிட்டாள். "அம்மா! இன்னாம்மா இப்படி எளைச்சிட்ட?" அவள் சொன்ன பிறகுதான் கோவர்த்தனன் மனைவியைப் பார்த்தான். ரவிக்கை தோளில் தொங்கியது. கழுத்தெலும்பு எழும்பி நின்றது. வளையல்கள் முழங்கைவரை ஏறி இறங்கின.

மறுநாளே திருப்பதிக்கு அழைத்துப் போனார்கள். ஸ்கேன் எல்லாம் எடுத்து முடிந்தபின் டாக்டரம்மா தெலுங்கில் கேட்டார். "என்னி நெலல நுஞ்சி?" எத்தனை மாதமாக என்று.

"ரெண்டு மாசமா இருக்கும் மேடம்," என்றான் அவன்.

"எட்டு மாசம்," என்றாள் சிவசங்கரி.

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஹர்ஷினியை மட்டும் உள்ளே கூப்பிட்டார். வயிற்றுக்குள் ஆரம்பித்த புற்று கல்லீரல்வரை போய்விட்டதாம். அறுக்க முடியாது, வலிக்கு மருந்து கொடுக்கலாம்.

அன்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கோவர்த்தனன் கேட்டான். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேங்க," என்றாள். கோபமே இல்லை அந்தக் குரலில். "நாலஞ்சு வாட்டி சொன்னேன். தலைய ஆட்டினீங்க. சரி, கேட்டுக்கினீங்கன்னு இருந்துட்டேன்."

ஆடி முடிவதற்குள் போய்விட்டாள். லீவு போட்டு எழுபது நாள் கூடவே இருந்தான். கஞ்சி ஊட்டினான், கால் பிடித்தான், எத்தனை மணிக்கு எந்த மருந்து என்று ஒன்று தவறவில்லை. அவள் ஒருமுறைகூட அவனைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

காரியம் முடிந்த வாரம் நரசிம்மன் துக்கம் கேட்க வந்தார். விமானத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. கோவர்த்தனனே எழுந்துபோய் இரண்டு இருக்கைக் குழிகளுக்கும் செய்து வைத்திருந்ததையெல்லாம் அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தான்.

"எடுத்துக்கினு போங்க சார்."

"இப்ப எதுக்குங்க? மெல்ல பாத்துக்கலாம்."

"இல்ல சார். என் கண்ணுல படக்கூடாது."

விடுதிக்குத் திரும்பிப் போயிருந்த ஹர்ஷினி விஷயம் தெரிந்து போனில் கத்தினாள். "அம்மா கையால தைச்சது நைனா! அத எதுக்குக் குடுத்த? யாரக் கேட்டுக் குடுத்த?" அவனுக்கு நான்காவது பட்டை அப்போதுதான் ஞாபகம் வந்தது. உடம்பு முடியாமல் அவள் தைத்த கோணல் தையல் அது ஒன்றில்தான் இருந்தது. அதையும் பிரித்து, நூலைக் குப்பையில் போட்டிருந்தான்.

மார்கழியில் விமானம் நன்றாகவே பறந்தது. நரசிம்மன் படங்கள் அனுப்பினார். முன்னிருக்கையில் ஒரு பொம்மை விமானியை உட்காரவைத்து, தோளில் பட்டை மாட்டியிருந்தார். மீட்டர், முள், குழாய் எல்லாவற்றையும் பொம்மையின் உடம்பு மறைத்துவிட்டது. கோவர்த்தனன் பட்டைகளை மட்டும் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். தையல் தெரியும் முன்பே படம் புள்ளி புள்ளியாகக் கலைந்தது.

தொழிற்சாலையில் அவன் சிவப்புக் கூடை நிரம்பி வழிய ஆரம்பித்தது. நல்ல மூடிகளையும் கழித்தான். சூப்பர்வைசர் புருஷோத்தமன் ஒரு கைப்பிடி அள்ளிக் காட்டி, "இதுல இன்னா குத்தம்ணா? சொல்லு," என்று கேட்டான். கோவர்த்தனன் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "தெரியல தம்பி. எதையோ உட்டுட்டேன்னு தோணுது." அடுத்த மாதம் அவனைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள்.

ஹர்ஷினி இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் வருகிறாள். அவன் சமைக்கிறான். அவள் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து, எத்தனை வாய் இறங்குகிறது, மணிக்கட்டு போன வாரத்தைவிட மெலிந்திருக்கிறதா, கண்ணுக்குக் கீழே கறுப்பு கூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறான்.

"அப்படிப் பாக்காத நைனா," என்கிறாள் அவள், தட்டைத் தள்ளி வைத்துவிட்டு. "எனக்கு ஒண்ணுமில்ல."

அவன் தலையை ஆட்டுகிறான். அவள் கை கழுவப் போனதும், தட்டில் மீந்த சோற்றைப் பார்க்கிறான்.