இருபத்தெட்டு தான் போட வேண்டும்

மேகசின் மேலேதான் இருக்கும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டுக்குப் பக்கத்தில், என் நாற்காலியிலிருந்து நாலடி தள்ளி, ஒரு பிரென் துப்பாக்கி இருக்கிறது. நிஜம் இல்லை. இரும்பும் ஃபைபரும் சேர்த்துச் செய்தது. முன்னால் இரண்டு கால் ஊன்றி, சிமெண்டு மேடையில் வைத்திருக்கிறார்கள். போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்க்கிறார்கள். முதலில் கேட்பது, "இது ஏகே ஃபார்ட்டி செவனா?" அடுத்தது, "மேகசின தலைகீழா மாட்டிட்டாங்களா?"

நான் திருமுல்லைவாயிலில் இந்த கேட்டில் ஆறு வருடமாக செக்யூரிட்டி. சின்ன வயதில் பட்டாளத்தில் பதினேழு வருடம். அதில் பாதி நாள் இந்தத் துப்பாக்கிக்கு நான் நம்பர் டூ.

நம்பர் டூ என்றால் சுடுகிறவன் இல்லை. சுடுகிறவன் நம்பர் ஒன். அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டு, தோட்டா அடுக்கிய மேகசின் காலியானால் மாற்றுகிறவன், குழல் சூடானால் வேறு குழல் மாட்டுகிறவன் நம்பர் டூ. தரையோடு படுத்துச் சுடும்போது அடியில் இடம் இருக்காது. அதனால் மேகசின் மேலே. இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது.

இதை ஆரம்பித்தது எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். ஐ.டி.யில் வேலை, ஊர் கோயம்புத்தூர் பக்கம். நல்ல மனிதர்தான். குடியரசு தினத்துக்கு கேட்டில் ஏதாவது வைக்க வேண்டும் என்று ஆசை. நான் பட்டாளத்தில் இருந்ததை யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அங்கிள், நீங்க என்ன கன் வெச்சிருந்தீங்க?"

"பிரென்னு சார்."

அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அன்றிலிருந்து அவர் என்னைவிட விவரம் தெரிந்தவராகிவிட்டார். போனை வைத்துக்கொண்டு எனக்கே வாசித்துக் காட்டுவார். செக் நாட்டில் பிறந்ததாம். இங்கிலாந்துக்காரன் வாங்கித் தனக்கு ஏற்ற மாதிரி மாற்றினானாம். அங்கே ஓர் ஊர், இங்கே ஓர் ஊர், இரண்டின் முதல் எழுத்துகளைச் சேர்த்துத்தான் பிரென் என்று பேராம். பெரிய போரில் நம் ஆட்கள் இதைப் பாலைவனத்திலும் பர்மாக் காட்டிலும் தூக்கிக்கொண்டு நடந்தார்களாம். குறி அவ்வளவு சுத்தமாம். குண்டெல்லாம் பரவாமல் ஒரே இடத்தில் போய் விழுகிறதே என்று சிப்பாய்களே குறை சொன்னார்களாம். எல்லாம் சரி. எனக்குத் தெரிந்தது அதன் கனம். பத்து கிலோ. அவர் போனில் அது கடைசியில்தான் வந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஷெட்டில் செய்யக் கொடுத்தார். பார்த்துச் சரி சொல்ல என்னை அனுப்பினார். என் ஒரு நாள் லீவு அதற்குப் போனது. போய்ப் பார்த்தால் மேகசினை அடியில் வைத்து வெல்டு அடித்திருந்தார்கள்.

"மேல வைக்கணும்பா."

வெல்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னா பெருசு, மேல வெச்சா குறி மறைக்கும்ல?"

"குறி பாக்கறது பக்கத்துல இருக்கும்."

"பக்கத்துல பாத்துகினு நேரா சுடுவியா?"

"ஆமா."

"படத்துல எல்லாம் கீழதான் கீது."

"படத்துல குண்டு பட்டவன் அரை மணி நேரம் வசனம் பேசிட்டு சாவறான். நீ மேல வைப்பா."

ஷெட்டில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். வெட்டி எடுத்து மேலே வைத்தார்கள். கொஞ்சம் கோணல். விட்டுவிட்டேன்.

பிறகு மேடையில் பதிக்கக் கல்வெட்டு வந்தது. கறுப்பு கிரானைட், தங்க எழுத்து. துப்பாக்கியின் பேர், பிறந்த நாடு, போன போர். கடைசி வரி: 'எந்தக் களத்திலும் ஒருமுறைகூட நின்றுபோகாத துப்பாக்கி.'

"சார், அந்தக் கடைசி வரி வேணாம்."

"ஏன் அங்கிள்? நம்பிக்கையான கன்னுன்னு எல்லாரும்தான் எழுதியிருக்காங்க."

"நிக்கும் சார். நின்னிருக்கு."

"எங்கியாவது ஒண்ணு ரெண்டு நின்னிருக்கும். கல்லுல வெட்டியாச்சு அங்கிள், இனி என்ன பண்றது?"

நின்றபோது நான் பக்கத்தில் படுத்திருந்தேன்.

நாற்பத்தைந்து வருடம் இருக்கும். எங்களுடையது ரோடும் பாலமும் போடுகிற பட்டாளம். மற்றவர்களுக்குப் புதுத் துப்பாக்கி வந்துவிட்டது. எங்களிடம் இன்னும் பழைய பிரென்தான். என்னுடைய நம்பர் ஒன் பூந்தமல்லிக்காரர், என்னைவிட மூன்று வயது மூத்தவர். பாய் என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை டூ என்பார். அவர் துப்பாக்கியைத் துடைப்பதைப் பார்க்கவே எல்லோரும் வருவார்கள். குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி துடைப்பார்.

வருடத்துக்கு ஒருமுறை சுடும் போட்டி வரும். அந்த வருடம் பாய்க்குப் பதவி உயர்ந்து, கையில் முதல் பட்டை ஏற வேண்டியது. போட்டி முடிந்ததும் ஏற்றுவதாகச் சொல்லியிருந்தார்கள்.

இந்த மேகசின் முப்பது தோட்டா கொள்ளும். ஆனால் இருபத்தெட்டு தான் போட வேண்டும். முப்பது திணித்தால் ஸ்பிரிங் நெருங்கிப்போய் தோட்டா மாட்டிக்கொள்ளும். பயிற்சியில் முதல் வாரமே சொல்லிக் கொடுப்பார்கள்.

போட்டிக்கு எங்களுக்குக் கொடுத்தது நூற்றிருபது தோட்டா. இருபத்தெட்டாகப் போட்டால் ஐந்து மேகசின் வேண்டும். முப்பதாகப் போட்டால் நாலில் முடிந்துவிடும். ஒரு தடவை மாற்றுவது மிச்சம். மூன்று நொடி லாபம். எனக்கு அன்றைக்கு அவ்வளவு புத்தி. முப்பது முப்பதாகப் போட்டேன். பாயிடம் சொல்லவில்லை. ஜெயித்த பிறகு சொல்லிச் சிரிக்கலாம் என்று நினைத்தேன்.

மூன்று மேகசின் நன்றாக ஓடியது. நாலாவதில் முதல் தோட்டாவே ஏறவில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கமாண்டர் எழுந்து நின்றார்.

நான் மேகசினைக் கழற்றினேன். மேலே இருந்த இரண்டு தோட்டாவைக் கட்டைவிரலால் தள்ளி மணலில் அழுத்தினேன். திரும்ப மாட்டினேன். அதே நேரத்தில் பாய் அவர் வேலையைச் செய்தார். சுடும்போது வரும் புகையின் விசையில்தான் இந்தத் துப்பாக்கி அடுத்த தோட்டாவை எடுக்கும். அந்தப் புகை போகிற ஓட்டையில் கரி பிடித்தால் விசை போதாது, நின்றுவிடும். அப்போது திருப்பிப் பெரிய ஓட்டைக்கு மாற்ற வேண்டும். பாய் மாற்றினார். துப்பாக்கி ஓடியது.

எல்லோரும் பார்த்தது அதைத்தான். ஓட்டையை மாற்றியதும் ஓடியது. அப்படியானால் ஓட்டையில் கரி. அப்படியானால் பாய் துடைக்கவில்லை.

சுபேதார் வரிசையில் நிற்க வைத்துச் சொன்னார், "பிரென் நிற்காது. பிரெனை வைத்திருக்கிறவன்தான் நிற்பான்." ஏழு நாள் பாய் முதுகில் மூட்டை கட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினார். பட்டை ஏறவில்லை. அடுத்த வருடமும் ஏறவில்லை. சிப்பாயாகச் சேர்ந்தவர் சிப்பாயாகவே வீட்டுக்கு வந்தார்.

என்னை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. முதல் நாள் சொல்லியிருக்க வேண்டும். இரண்டாம் நாள் பயம். அப்புறம் பழகிவிட்டது.

பாய் குமணன்சாவடியில் மெக்கானிக் கடை வைத்தார். இப்போது மகன் பார்க்கிறார். பாய் தினமும் போய் ஸ்பேனரைத் துடைத்து வைப்பார். அவர் கடையில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்காது. ஒரு தடவை அவர் வீட்டம்மா என்னிடம் சலித்துக்கொண்டார்: "இந்த மனுசன் அடுப்பைக்கூட உட மாட்டேங்கிறாருண்ணே. வாரா வாரம் பர்னர கழட்டி ஒவ்வொரு ஓட்டையிலயும் ஊசி உட்டுகினு கீறாரு." நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். ஒவ்வொரு பக்ரீத்துக்கும் அவர் வீட்டிலிருந்து எனக்குக் கறி வரும். வாங்கித் தின்றேன்.

செயலாளர் அதோடு விடவில்லை. "உங்க கூட இருந்த இன்னொருத்தரையும் கூப்பிடுங்க அங்கிள். ரெண்டு பேருமா மாலை போடுங்க." நான் வேண்டாம் என்றேன். அவரே போன் நம்பரைக் கேட்டு வாங்கிப் பேசிவிட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

குடியரசு தினத்தன்று காலை பாய் வந்தார். வெள்ளைச் சட்டை, தேய்த்த பேண்ட், பழைய மெடல் பளபளப்பாக. பொம்மைத் துப்பாக்கியைச் சுற்றி வந்து பார்த்தார். மேகசினைத் தொட்டார்.

"கோணையா கீதுடா டூ."

"ஆமா பாய். விட்டுட்டேன்."

அப்புறம் குனிந்து கல்வெட்டைப் படித்தார். கடைசி வரியில் விரலை வைத்தார். சிரித்தார்.

"நிக்கவே நிக்காதாம். ஒலகத்துலயே நிப்பாட்டுனவன் நா ஒருத்தன்தான் போல."

அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

"பாய், ஓட்டையில கரி இல்ல. நான் முப்பது போட்டேன்."

"இன்னா?"

"மேகசின்ல. முப்பது முப்பதா போட்டேன். ஒரு மாத்தல் மிச்சமாவும்னு. நின்னதும் ரெண்ட எடுத்து மண்ணுல அமுக்கிட்டேன்."

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அதை எடுக்க மறந்துவிட்டார். பிறகு சொன்னார், சத்தம் போடாமல்.

"நாப்பத்தஞ்சு வருசம்டா. படுத்தா எந்த எடத்த தொடைக்காம உட்டேன்னு தேடிகினு கீறேன். நீ என் ஊட்டுக் கறிய துன்னுகினு கீற."

 

மைக்கில் செயலாளர் கூப்பிட்டார். "நம்ம ரெண்டு ஹீரோஸ்!" கைதட்டினார்கள். இரண்டு பேரும் போய் மாலை போட்டோம். கொடி ஏறியது. பாய் சல்யூட் அடித்தார். கை கொஞ்சமும் ஆடவில்லை.  லட்டு கொடுத்தார்கள். அவர் வாங்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்காமல் நடந்து போய் பஸ் ஏறினார்.

பத்து நாள் போனது. நான் போன் பண்ணவில்லை. பண்ணி என்ன கேட்பது. செயலாளரிடம் மறுபடி போய் அந்த வரியை எடுக்கச் சொன்னேன். செலவு, சங்கம், கூட்டம் என்று ஏதேதோ சொன்னார். பதினோராம் நாள் காலை போன் அடித்தது.

"டூ."

"சொல்லு பாய்."

"எத்தினியாவது மேகசின்?"

"நாலாவது."

"மொத மூணுலயும் முப்பதா?"

"முப்பது."

"அது ஓடுச்சே."

"அது மூணும் ஸ்பிரிங்கு புதுசு. நாலாவது பழசு."

"பழசுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அந்தப் பக்கம் குமணன்சாவடி ஜங்ஷன் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு லாரி ஹாரன். யாரோ வண்டியை முறுக்கிப் பார்த்தார்கள்.

"அப்போ ஓட்ட சுத்தமாத்தான் இருந்துச்சு."

"சுத்தமா இருந்துச்சு பாய். காலைல நீ தொடைக்கும்போது நான் பக்கத்துலதான் நின்னேன்."

"ம். சுபேதாரு மவுத்தாயிட்டாரு. கமாண்டரும் இல்ல. இத நா இப்ப யார்கிட்டடா போய் சொல்றது?"

அவரே மறுபடி பேசினார்.

"அந்தக் கல்லுல எழுதச் சொல்லு."

"கேட்டேன் பாய். மாத்த மாட்டேங்கிறாங்க."

"அப்போ நீ சொல்லு. அத படிக்கிறவன் எவனா இருந்தாலும் சொல்லு. நாள் பூரா அங்கதானே குந்திகினு கீற."

வைத்துவிட்டார்.

அன்று மதியம் தண்ணி லாரி வந்தது. நான் கேட்டைத் திறக்க எழுவதற்குள் டிரைவர் தலையை வெளியே நீட்டி கல்வெட்டைச் சத்தமாகப் படித்தார்.

"இன்னா பெருசு, நிக்கவே நிக்காதாமே?"

"நின்னுச்சு."

"எப்டி?"

"நான்தான் நிப்பாட்டினேன். இருபத்தெட்டு போடணும். முப்பது போட்டுட்டேன். பக்கத்துல இருந்தவரு மேல பழி போச்சு. அவரு மேல தப்பு இல்ல."

அவர் என்னைப் பார்த்தார், துப்பாக்கியைப் பார்த்தார்.

"சரி பெருசு. கேட்ட தொற, லோடு கீது."

திறந்தேன்.